நின்ற இடங்கள்

திருமயம் சாலையில் எண்பதில் போகும்போது
ஒரு முனகல்கூடக் கிடையாது.
கானாடுகாத்தானுக்குள் நுழைந்து
முதல் கியருக்கு இறங்கி,
ஒரு வீட்டின் முகப்பில் தொடங்கிய தெரு
அதே வீட்டின் பின்கட்டில் முடிகிற முனையில்
திரும்பும்போது அணைந்துவிடும்.
இருமல் இல்லை, உதறல் இல்லை,
பேச்சின் நடுவே எழுந்து போய்விட்டவர் மாதிரி.

சாவியைத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்ளும்.
அதுதான் எரிச்சல்.

புதுவயலில் ப்ளக் மாற்றினார்கள்.
தேவகோட்டையில் பெட்ரோல் பம்பை மாற்றி
நாலாயிரத்து முந்நூறு வாங்கினார்கள்.
மறுநாளே வைக்கோல் லாரிக்கு எதிரே
குறுக்காக நின்றது என் பழைய சான்ட்ரோ.

கழனிவாசல் பக்கம் ஜபருல்லா பட்டறை.
அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை.
“எங்கெங்க நின்னுச்சு?”
“பல இடத்துல.”
“பல இடம்னு ஒரு இடம் கிடையாதும்மா.”

வெட்கமாக இருந்தது.
எப்போது வலிக்கிறது என்று நான் கேட்டால்
எப்போதும் என்பார்கள் என் நோயாளிகள்;
அவர்களிடம் நான் காட்டும் முகத்தை
அவர் என்னிடம் காட்டினார்.

பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வந்தார்.
டாக்டரைக் கண்டதும் வலி மறந்த முழங்கால்போல
ஒழுங்காக ஓடியது வண்டி.
இறங்கும்போது பாதி தீர்ந்த பில் புத்தகம் ஒன்றைத் தந்து
“பின்பக்கம் எழுதுங்க” என்றார்.

செவ்வாய். பள்ளத்தூர், மருந்துக்கடை முன். ஏசி இல்லை. இன்ஜின் சூடு.
புதன். நிற்கவில்லை. ஏன்?
வியாழன். உமையாள் வீட்டு வாசல், ரிவர்ஸ் எடுக்கையில். இரண்டு தடவை.
வெள்ளி. மழை. ஊருணிக் கரை. பெட்ரோல் பாதி. எதிரே ஓர் ஆடு; அது காரணமில்லை.
சனி. கோவிலூர் போகும் வழி, வேகத்தடையில் நிற்கவில்லை. தாண்டி, வளைவில் நின்றது.
ஞாயிறு. கல்யாண மண்டபம், பார்க்கிங். எல்லாரும் பார்த்தார்கள்.

ஜபருல்லா இரண்டு முறை படித்தார்.
“கை எங்க இருந்துச்சு?”
“ஸ்டியரிங்லதான்.”
“நேரா வச்சிருந்தியளா, ஒடிச்சா?”

ஆறு தடவையும் ஒடித்துத்தான்.
மழையை எழுதினேன், ஆட்டை எழுதினேன்.
கைகால்களைப் பார்ப்பதே பிழைப்பாகக் கொண்ட நான்
என் கையை எழுதவில்லை.

நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பச் சொன்னார்.
முள் சரிந்தது, தயங்கியது, ஏறியது.
மறுபடி திருப்பினேன். சரிந்தது. அணைந்தது.
டார்ச்சோடு அடியில் போனவரின் குரல் மட்டும் வந்தது:

“எலி கடிச்சிருக்கு. ரெண்டு இழை மிச்சம்.
ஒடிச்சா ஸ்டியரிங் பம்பு இன்ஜினை இழுக்கும்.
பாரம் வருதுன்னு இந்த ஒயர் முன்னாடியே சொல்லணும்.
சொன்னா அது மூச்சைக் கூட்டிக்கும்.
வேகத்துல போறப்ப சொல்லாட்டியும் தாங்கிரும்.
மெதுவாப் போறப்பதான் சொல்லணும்.”

“சில நாள் நிக்கலையே?”
“சில நாள் இழை ஒட்டும். சொல்லிரும்.”

ஈயம் வைத்தார், டேப் சுற்றினார். நூற்றைம்பது ரூபாய்.
“பழைய பம்பைக் கேட்டு வாங்கினியளா?”
இல்லை.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது திட்டைவிட மோசம்.

மாலை, உமையாள்.
முழங்கால் மாற்றி ஒன்பது வாரம்.
முற்றத்தை ஒட்டி நேராக நடப்பார், வேகமாகக்கூட.
தூணருகே திரும்பும்போது கால் நின்றுவிடும்.
பயப்படாதீர்கள் என்றே ஐந்து வாரமாகச் சொல்லி வந்தேன்.
இன்று இரண்டு எட்டுக்கு முன்னால்
“திரும்பப் போறோம். பாரம் வலது கால்ல வரும்” என்றேன்.
“என்னது, அறிவிப்பெல்லாம்?” என்று சிரித்தார்.
பாதி திரும்பினார்.
மீதிக்குத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு நாள் நிற்காததால் சரியாகிவிட்டதாக அர்த்தமில்லை,
இன்னொரு வாரம் எழுதுங்கள் என்றிருந்தார் ஜபருல்லா.
தெருமுனை இருட்டில் உள்விளக்கைப் போட்டு எழுதினேன்:

திங்கள். ஒன்பது திருப்பம். நிற்கவில்லை.
கை: முழுக்க ஒடித்தது.